புகைக்கறியும் ஒரு சொட்டு ரத்தமும்

அடுப்புக்கு மேலே கம்பியில் காட்டுப்பன்றிக் கறி தொங்குகிறது. கவாத்தில் வெட்டிய தேயிலைக் கட்டைகளின் புகையைக் குடித்துக் குடித்து அது கறுத்துப்போயிருக்கிறது. ரிங்லெட் ஊரிலிருக்கும் தன் தம்பிக்குக் கொடுத்துவிட சிங்காரம் அதைக் காலையில் பையில் கட்டி வைத்தார். மணியம்மா அவிழ்த்து மறுபடி மாட்டிவிட்டாள். வெளியே மலைச்சரிவை விட்டு மூடுபனி இன்னும் விலகவில்லை. தகரக் கூரையின் நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டேயிருக்கிறது. மணியம்மா மேசை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். உப்புப் போக வெந்நீரில் அலசிய இரண்டு துண்டு கறியையும் ஒரு தட்டுக் கீரையையும், சோறு தொடாமல், அவள் தின்று முடித்து இரண்டு மணி நேரமாகிறது. எதிரே அவள் புருஷன் சிங்காரம் இனிப்புப் பாலை டின்னிலிருந்து தாராளமாக ஊற்றிக் கலக்கிய தேநீரை உறிஞ்சுகிறார்.

"இனிப்பு நீர் வியாதி உள்ளவ கறி தின்னா சக்கர ஏறும்லா. போன மாசமே பன்னெண்டு காட்டுச்சு."

"போன மாசம் உங்க பேச்சக் கேட்டு கறிய விட்டுட்டு மூணு வேளையும் சோத்தத்தான் தின்னேன்."

கொழுந்துக் கறை ஏறிய விரல் நுனியில் அவள் ஊசியைக் குத்துகிறாள். முகம் சுளிக்கவில்லை. ரத்தச் சொட்டைச் சர்க்கரை பார்க்கும் கருவியின் பட்டை உறிஞ்சிக்கொள்கிறது. சிங்காரம் கழுத்தை நீட்டிக் கருவியைப் பார்க்கிறார். ஆறு புள்ளி எட்டு. தேநீர் உறிஞ்சும் சத்தம் நின்றுபோகிறது. மணியம்மா கருவியில் புதுப் பட்டையைச் செருகி, புது ஊசியோடு மேசையின் அந்தப் பக்கம் தள்ளுகிறாள்.

"இப்ப உங்க விரல நீட்டுங்க."

சிங்காரம் இரண்டு கைகளாலும் டம்ளரை இறுகப் பிடித்துக்கொள்கிறார்.