இருபத்தேழாவது நகர்வு

"எழுந்திரு லுவ்சான், மூணு மணிக்கு விசாரணை. இன்னும் பாதி ஆட்டம்கூடப் பாத்து முடிக்கல."

"விடேன் உயங்கா. சங்கத்துலேர்ந்து நீக்கினா நீக்கிட்டுப் போகட்டும். எனக்கென்ன, பஸ் ஓட்டுற வேலை இருக்கு."

"உனக்கு இருக்கு. நாளைக்குச் செஸ் கத்துக்கிற வகுப்புக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? 'திருடன் பொண்டாட்டி வர்றா'ம்பாங்க. வந்து உக்காரு."

லுவ்சான் கட்டிலிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தான். உப்புப் போட்ட பால் தேநீரை ஊற்றிக்கொண்டானே தவிர, திரையைப் பார்க்கவில்லை.

உலான்பாத்தர் செஸ் சங்கம் இணையத்தில் நடத்திய போட்டியின் இறுதி ஆட்டம் அது. ஜெயித்தவன் லுவ்சான். தார்கான் நகரில் நடக்கும் போட்டிக்குப் போகும் குழுவில் அவனுக்கு இடம் உறுதியாகிவிட்டது. மறுநாளே தோற்றவர் புகார் கொடுத்தார்: 'கம்ப்யூட்டரைப் பார்த்து ஆடியிருக்கிறான்.' இன்று தகுந்த விளக்கம் தராவிட்டால் குழுவிலும் இடமில்லை, சங்கத்திலும் இடமில்லை.

உயங்காவுக்குக் காஷ்மீர் கம்பளி ஆலையில் வேலை. பின்னி வரும் ஸ்வெட்டர்களில் விட்டுப்போன கண்ணியைத் தேடிப் பிடிப்பாள். செஸ்ஸில் அவள் சுமார்தான், அது அவளுக்கே தெரியும். ஆனால் தேடுவதில் அவளை ஜெயிக்க ஆளில்லை. நோட்டில் கோடு போட்டு, இடப் பக்கம் லுவ்சான் ஆடியதையும் வலப் பக்கம் கம்ப்யூட்டர் சொல்வதையும் எழுதிக்கொண்டே வந்தாள்.

ஆட்டம் 'கோல்' (Colle) என்று செஸ்ஸில் பெயர் பெற்ற தொடக்கத்தில் ஆரம்பித்திருந்தது. ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் மட்டும் இரண்டு கட்டம் பாயும். மற்றவை ஒவ்வொரு கட்டமாக ஊர்ந்து வரும். ஆரவாரமில்லாத, பொறுமையான தொடக்கம்.

இருபத்தொன்று, ஒத்துப்போனது. இருபத்திரண்டு, ஒத்துப்போனது. இருபத்தாறு வரைக்கும் ஒன்றுகூட விலகவில்லை.

உயங்காவின் பேனா நின்றது. 'ஒருவேளை...' என்று ஒரு கணம் தோன்றியது. கட்டின புருஷனைச் சந்தேகப்படுகிறோமே என்று தலையில் குட்டிக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?" என்றான் லுவ்சான்.

"ஒண்ணுமில்ல. நீ அப்படியெல்லாம் பண்ணிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

லுவ்சான் தேநீர்க் கிண்ணத்துக்குள் பார்த்தான்.

இருபத்தேழாவது நகர்வில் உயங்கா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

"ஏய்! இங்க பாரு! கறுப்பு ராஜா மூலையில மாட்டிக்கிட்டு முழிக்குது. குதிரைய ஒரு தாவு தாவவிட்டிருந்தா அங்கேயே செக்மேட்! நீ என்னடான்னா ராணிய நகத்தி, சுத்தி வளைச்சு, முப்பத்தொண்ணுலதான் முடிச்சிருக்க. ஏன்?"

"குதிரையாலயா?" லுவ்சான் நிமிர்ந்தே விட்டான். "குதிரையால ராஜாவக் கொல்றதா? எங்கப்பா இருந்தா பலகையத் தூக்கி என் தலையிலேயே போட்டிருப்பாரு!"

உயங்கா அவனையே பார்த்தாள். லுவ்சான் புல்வெளியில் வளர்ந்தவன். அங்கே அவன் அப்பாவிடம் கற்றது ஷதர், மங்கோலியர்களின் பழைய சதுரங்கம். அதில் குதிரை ராஜாவை மிரட்டலாம்; கொல்லக் கூடாது.

"தொப்பிய எடு, கிளம்பு. பொழைச்சோம்!"

சங்கத்தின் தலைவி செரென்துலாம் நோட்டை வரிவரியாகப் படித்தார். இருபத்தேழாவது வரியில் விரலை வைத்தார்.

"என்னப்பா, முட்டாள்கூட விடாத செக்மேட்டாச்சே. ஏன் விட்ட?"

"குதிரையால எப்படிங்க..." என்று இழுத்தான் லுவ்சான்.

"தொடக்கத்தையும் பாருங்கம்மா," என்றாள் உயங்கா. "ராணிக்கு முன்னாடி இருக்கிற சிப்பாய் மட்டும்தான் ரெண்டு கட்டம் போயிருக்கு. அது ஷதர் பழக்கம். கை பழகினபடி ஆடியிருக்காரு. கம்ப்யூட்டரப் பாத்து ஆடுறவன் ஒரே தாவுல முடியற ஆட்டத்த அஞ்சு நகர்வுக்கு இழுப்பானா?"

செரென்துலாம் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க மாமாவும் அப்படித்தான். நான் குதிரைய வெச்சு ஒருதரம் ஜெயிச்சதுக்கு ரெண்டு நாள் எங்கூடப் பேசல. கம்ப்யூட்டருக்கு ஏதும்மா அப்பாவும் மாமாவும்?" புகார்க் கடிதத்தை நான்காகக் கிழித்தார். "தார்கானுக்குக் கம்பளிக் காலுறை எடுத்துக்கப்பா. அங்க குளிர் கொல்லும்."

திரும்பி வரும் பஸ்ஸில் உயங்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நோட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள்.

"பாத்தியா? காலையில 'விடு விடு'ன்னியே. நான் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ம்."

"ஆனா ஒண்ணு லுவ்சான். இறுதி ஆட்டம், அவ்வளவு பதற்றம். அப்பக்கூட அப்பா சொன்னது ஞாபகம் இருந்துச்சு பாரு, அதுதான் பெரிசு."

லுவ்சான் ஜன்னலில் படிந்திருந்த பனியை நகத்தால் சுரண்டினான். பிறகு அவள் காதருகே குனிந்தான்.

"அந்த இடத்துல ஃபோன் என்னவோ குதிரையைத்தான் வைக்கச் சொல்லுச்சு. எனக்குத்தான் மனசு வரல. அது காட்டுன ரெண்டாவது வழிய எடுத்துக்கிட்டேன். என்ன இருந்தாலும் விதின்னா விதிதானே, உயங்கா?"