துரைக்குப் பத்துச் சொட்டு

"அம்மா, அத்தை துரையைக் கொல்றாங்க."

பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் குளியலறை வாசலில் நின்று கத்தினாள் ஏழு வயது மகள்.

கூடவே வீட்டுக்குள் நுழைந்த அம்மா செருப்போடு உள்ளே ஓடினாள்.

அங்கே நாத்தனார் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கை துரையின் கழுத்தை அழுத்திப் பிடித்திருந்தது. மறு கை பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் ரத்தக் கீறல்கள்.

துரை என்பது பூனை. மகளுக்குத் தம்பி, தோழன், தலையணை எல்லாமே அதுதான்.

"விடுங்க அண்ணி அதை!"

பிடுங்கிக்கொண்டாள். துரையின் கால்கள் துவண்டு தொங்கின. வாயோரம் எச்சில் ஒழுகியது. உடம்பு வெடவெடவென்று ஆடியது.

நாத்தனார் வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த நாளிலிருந்து ஒரே குறைதான். "தரைக்கு ஒரு வாசனை எண்ணெய், தலையணைக்கு ஒண்ணு, தலைமுடிக்கு ஒண்ணு. இந்த வீட்டுல மனுஷ வாடையே இல்லியேம்மா" என்பார். அதுகூடப் பரவாயில்லை. சோபாவில் துரை கால் நீட்டிப் படுத்திருந்தால், "மகாராஜாவுக்கு நான் ஓரமா உட்காரணுமாக்கும். ஒரு நாளைக்கு இருக்கு இதுக்கு" என்பார்.

அந்த ஒரு நாள் இன்றைக்குத்தான் போலிருக்கிறது.

"என்ன பண்ணீங்க இதை?"

நாத்தனார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பேசிட்டு நிக்காதே. டாக்டர் காத்துட்டு இருக்கார். தூக்கிட்டு ஓடு. உடம்பை நக்க மட்டும் விடாதே."

சொல்லிக்கொண்டே தன் கம்பளிச் சால்வையை எடுத்துப் பூனையைச் சுற்றினார். யாரும் தொடக் கூடாது என்று தனியே மடித்து வைத்திருக்கும் சால்வை. அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் அவள் இல்லை.

இரண்டு தெரு தள்ளித்தான் கால்நடை ஆஸ்பத்திரி. ஓடினாள். மகள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"மூச்சு இருக்காம்மா?"

"இருக்குடா." சால்வையைத் திறந்து பார்க்காமலே சொன்னாள். பார்க்கத் தைரியம் இல்லை.

"அத்தை இனிமே நம்ம வீட்டுல இருக்கக் கூடாது."

"இருக்க மாட்டாங்க."

டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கதவு சாத்திக்கொண்டது. மகளின் கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. "செத்துடுமாம்மா?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இல்லை என்று சொன்னாள். ஒரு தடவைகூட அவளே நம்பிச் சொல்லவில்லை.

கணவனுக்கு போன் போட்டாள்.

"உங்க அக்காவை இன்னிக்கே கிளம்பச் சொல்லுங்க."

"ஒரு பூனைக்காகவா?"

"இன்னிக்குப் பூனை. நாளைக்கு என் பொண்ணைத் தனியா விட்டுட்டுப் போக எனக்கு பயமா இருக்கு."

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "நடுக்கம் குறைஞ்சிருக்கு. ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டும். பிழைச்சுக்கும்."

அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. டாக்டர் மகளுக்கு நேராகக் குனிந்தார்.

"உங்க அத்தை தெரியாம அதுக்கு ஒரு எண்ணெயைத் தடவிட்டாங்க. மனுஷங்களுக்குப் பரவாயில்லை, பூனைக்கு அது விஷம். ஆனா தெரிஞ்சதும் உடனே சோப்புப் போட்டுக் கழுவிட்டாங்க. கழுவலைன்னா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

"எனக்கு அப்பவே தெரியும், அத்தைதான்னு" என்றாள் மகள். கண்ணில் அத்தனை வெறுப்பு.

அவள் டாக்டரைப் பார்த்தாள். "என்ன எண்ணெய் டாக்டர்?"

"டீ ட்ரீ ஆயில். எதுவும் கலக்காம பிடரியில அப்படியே ஊத்தியிருக்கு."

காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, துரையை மடியில் போட்டு உண்ணி பார்த்தது ஞாபகம் வந்தது. அந்த எண்ணெயை ஷாம்பூவில் பத்துச் சொட்டு கலந்து குளித்ததில் அவள் பொடுகு ஓடிப் போயிருந்தது. அதே பத்துச் சொட்டு துரைக்கும். இயற்கையானதுதானே, என்ன பண்ணிவிடும்? தடவி முடித்துக் கடைத்தெருவுக்குப் போனவள், மகளை அழைத்துக்கொண்டுதான் வீடு திரும்பினாள்.

விரலை மெல்ல மூக்கருகே கொண்டுபோனாள். வாசனை இன்னும் இருந்தது.

மகள் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. பூனைக்காகப் பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"குட்டி, நீ நர்ஸ் அக்காவோட போய்த் துரையை எட்டிப் பார்த்துட்டு வா" என்றார் டாக்டர்.

மகள் உள்ளே ஓடினாள். கதவு மூடும்வரை அவள் காத்திருந்தாள்.

"டாக்டர்... தடவினது அவங்க இல்ல."

"தெரியும்மா" என்றார் டாக்டர். "உங்க நாத்தனார் போன்லயே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. 'அம்மாதான் பண்ணினான்னு தெரிஞ்சா அந்தக் குழந்தை தாங்காது. நான் பண்ணினேன்னே சொல்லிடுங்க டாக்டர், எப்படியும் அந்த வீட்டுல என்னை யாருக்கும் பிடிக்காது'ன்னாங்க."