பனி நாட்டுப் புளியமரம்

"கதை படிக்கவா சர்க்காரு உனக்குச் சம்பளம் குடுக்குது?"

ஜீப்பிலிருந்து குதித்த வேகத்தில் பாண்டுரங்கனின் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. போளூரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வந்த மேலதிகாரிக்கு, வந்து இறங்கியதுமே இப்படி ஒருத்தி வசமாக மாட்டுவாள் என்று யார் கண்டது!

ஜவ்வாது மலை ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் நீலாவதி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் செங்கல் தண்டிக்கு ஒரு புத்தகம். சுற்றிலும் பத்துப் பதினைந்து காசநோய்க்காரர்கள். அப்போதுதான் ஊசி போட்டிருந்ததால் எல்லோரும் ஒருக்களித்து உட்கார்ந்து, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீலாவதி பதறி எழுந்தாள். "சுயசரிதை சார். சொந்த நாட்டு போலீசுக்குத் தப்பி, வெளிநாடு வெளிநாடா ஒளிஞ்சு திரிஞ்சவரு தானே எழுதினது. எழுநூறு பக்கம்."

"அடி சக்கை! டூட்டி நேரத்துல எழுநூறு பக்கமா? இப்பவே மெமோ எழுதறேன், இரு!"

"அய்யா, திட்றத அப்பால திட்டுங்க" என்றான் முன்னால் இருந்த சடையன். "பின்னாடி நாயி வுட்டுட்டானுங்க. ஆளு மாட்டிக்குனானா இல்லியான்னு தெரியல. நெஞ்சு திக்குதிக்குனு அடிச்சிக்குது!"

"நீ படி நர்சம்மா!" என்றாள் அவன் பக்கத்தில் இருந்த மங்கம்மாள்.

"படி, படி. இதான் உன் கடைசிப் படிப்பு!" என்று உறுமிவிட்டு, பாண்டுரங்கன் மேஜையில் காகிதத்தை விரித்தார்.

நீலாவதி மறுபடி உட்கார்ந்து தொடர்ந்தாள்.

"முழங்கால் வரை பனி. மூச்சிரைக்க ஓடினேன். நாய்கள் நெருங்கிவிட்டன. ஆற்றுப் பாலத்துக்கு வந்தால், அங்கேயும் போலீஸ்!"

"அய்யய்யோ!" என்றது மொத்த வராந்தாவும். பாண்டுரங்கனும் சேர்ந்து சொல்லிவிட்டார், கொஞ்சம் சத்தமாகவே. பேனா எப்போதோ நின்றுபோயிருந்தது.

"வேறு வழியில்லை. பக்கத்திலிருந்த புளியமரத்தில் தாவி ஏறினேன்... மீதி நாளைக்கு."

"இன்னா நர்சம்மா, இங்க போய் நிறுத்திட்ட!" சடையன் அழாத குறைதான். "நாளிக்கு விடிஞ்சதும் வர்றேன். நான் வராம ஆரம்பிச்சிடாத, ஆமா!"

கூட்டம் கலைந்தது. பாண்டுரங்கனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. போளூருக்குப் போய்விட்டால் அந்த ஆளின் கதி எப்படித் தெரியும்?

அப்போதுதான் உறைத்தது. பனி கொட்டுகிற நாட்டில் புளியமரமா?

புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கினார். அவள் விரித்து வைத்திருந்தது கடைசிப் பக்கம். 'முப்பது வருஷம் கழித்து என் வீட்டுக் கதவைத் தட்டினேன். தங்கச்சி திறந்தாள்.' அவ்வளவுதான். பனியும் இல்லை, நாயும் இல்லை.

"இன்னாம்மா இது? கதை முடிஞ்சே போச்சே!"

"மெதுவா சார்..." நீலாவதி வாசலைப் பார்த்துக்கொண்டாள். "போன மாசமே முடிஞ்சிடுச்சு. நானாதான் இழுத்துக்கிட்டிருக்கேன். தொண்ணூறு ஊசி போடணும் சார். இந்தச் சடையன் இருமல் நின்னதும் ரெண்டு தடவை பாதியில ஓடிட்டான். இன்னொரு தடவை ஓடினா ஆளே தங்க மாட்டான். ஊசி போட்டாத்தான் கதைன்னு சொன்னேன். நாலு மைல் நடந்து, ஒரு நாள் தவறாம வர்றான்."

வாசலில் சடையன், யாரோ ஒருத்தருக்கு மரம் ஏறிக் காட்டுகிற மாதிரி கையைக் காலை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தான். இருமவே இல்லை.

பாண்டுரங்கன் அவனையே பார்த்தார்.

"இவனுக்கு இன்னும் எத்தினி ஊசி?"

"பதினெட்டு சார்."

மெமோவைச் சுக்கலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"மொதல்ல அந்த ஆளப் புளியமரத்துலேர்ந்து எறக்கு. எறக்கி ஒரு கப்பல்ல ஏத்திவுடு. கரை சேர சரியா பதினெட்டு நாளு ஆவட்டும்."