மறுபடி எழுதச் சொல்லுங்க

ஒசாகா மருத்துவமனை ஒன்றின் இணையதளத்தில், நோயாளிகள் கடிதம் தட்டச்சு செய்யும் எடிட்டர் ஒன்றை, மென்பொருள் நிறுவன ஊழியன் கஸுயாதான் இணைத்துக் கொடுத்திருந்தான். தானாகச் சேமிக்கும் வசதியை மட்டும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்திருந்தான்.

அங்கிருந்து ஒரு நர்ஸ் அவன் ஆபீசுக்குப் போன் செய்தாள். “சார், ஒரு பெரியவர் மூணு நாளா எழுதின லெட்டர் காணாமப் போச்சு. மீட்க முடியுமா?”

“சேவ் பண்ணலன்னா போனது போனதுதாங்க. மறுபடி எழுதச் சொல்லுங்க.”

“காலையில இறந்துட்டார் சார்.”

கஸுயா தடுமாறினான். “பேப்பர்ல எழுதச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னோமே! ‘பத்து வருஷமா என்கூடப் பேசாத என் பையன் செஞ்சது இது. இதுலதான் அவனுக்கு எழுதுவேன்’னு ஒரே பிடிவாதம். பையன் பேரு கஸுயாவாம், உங்க ஆபீஸ்தானாம். கொஞ்சம் கூப்பிடுறீங்களா?”

‘நான்தான்’ என்று சொல்லாமல், “அவர் இப்ப சீட்ல இல்லைங்க” என்றான் கஸுயா.