அரை மில்லிமீட்டர் பாலம்

டெஸ்ட் ரூம் போனை யாரும் எடுக்கவில்லை.

நான்காவது முறையும் மணி அடித்து ஓய்ந்தது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்க நேரமில்லை. மூன்று மாடிப் படிகளையும் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். ஒரு செருப்பு வழியிலேயே கழன்று விழுந்தது. மற்றதையும் உதறினாள்.

டெஸ்ட் ரூமில் ஓடவிருந்தது காந்தமே இல்லாத ஒரு புது மோட்டார். மின்சாரக் கார்களுக்காக அவள் வரைந்தது.

அதற்குள் சுழலும் இரும்பு உருளை நெடுக வளைவு வளைவாகத் துளைகள். துளைகளுக்கு நடுவே இரும்பைச் சேர்த்துப் பிடித்திருப்பவை மெல்லிய பாலங்கள். பாலம் மெலிய மெலிய மோட்டாரின் இழுக்கும் சக்தி கூடும். அளவுக்கு மீறி மெலிந்தால், சுற்றுகிற வேகத்தில் உருளையே சிதறிவிடும்.

நாலாயிரம் வடிவங்களை அலசிவிட்டு, அரை மில்லிமீட்டர் போதும் என்றது கம்ப்யூட்டர். அதற்கு அவள் கொடுத்த கணக்கில்தான் பிசகு. குளிர்ந்த இரும்பின் பலத்தைப் போட்டிருந்தாள். சூடேறிய இரும்பு நிமிடத்துக்குப் பதினாறாயிரம் சுற்றுக்கு மேல் தாங்காது.

இன்று பதினெட்டாயிரம் வரை ஓட்டப் போகிறார்கள்.

மோட்டாரைச் சுற்றியிருக்கும் தடுப்போ பழைய, மெதுவான மோட்டாருக்குச் செய்தது. அதற்கு இரண்டு முழம் தள்ளி ஆபரேட்டர் நின்றாக வேண்டும்.

முற்றத்தைக் கடக்கும்போதே சத்தம் கேட்டது. முதலில் முனகல்தான். கதவை நெருங்குவதற்குள் அது வீறிடலாகிவிட்டது.

தோளால் கதவை இடித்துத் திறந்தாள்.

திரையில் பதினைந்தாயிரத்து எண்ணூறு. எண் ஏறிக்கொண்டே இருந்தது.

சூப்பர்வைசர் திரும்பிப் பார்ப்பதற்குள், சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

வீறிடல் மெல்ல மெல்லத் தணிந்து அடங்கியது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திட்டுவதற்குத்தான் சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் குனிந்து, என்ன ஆச்சு என்று கேட்டார். மூச்சு வாங்க, திக்கித் திணறி, அவள் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

அவள் அங்கேயே உட்கார்ந்திருக்க, மோட்டாரைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பாலத்தில் தலைமுடி கணக்காக ஒரு விரிசல் ஓடியிருந்தது.

சூப்பர்வைசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு உசுரக் காப்பாத்திட்டீங்கம்மா. இத எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"இப்பத்தான் சார்."

ஆபரேட்டர் தண்ணீர் பாட்டிலோடு வந்து அவள் பக்கத்தில் குந்தினான்.

"குடிக்கா," என்றான்.

அவளுடைய கூடப் பிறந்த தம்பி. வழக்கமான ஆபரேட்டருக்குக் காய்ச்சல் என்று, இன்று காலையில்தான் அவனை இங்கே மாற்றிப் போட்டிருந்தார்கள். போன் செய்வதற்குச் சற்று முன்புதான் அது அவளுக்குத் தெரிய வந்தது.

பாட்டிலை வாங்கிக்கொண்டாள். அவன் முகத்தை அவளால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

பிசகை அவள் கண்டுபிடித்தது திங்கட்கிழமை. வெளியே சொன்னால் தலைகுனிவு என்று, ஃபைலை மூடி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று நாளும், வழக்கமான ஆபரேட்டர் காலையில் வாசலில் அவளைப் பார்த்து வணக்கம் சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னாள்.