மானின் இடத்தில் முயல்

காட்டுக் கால்பந்து அணியில் அதிகம் கோல் அடிப்பது மான்தான். ஆட்டம் தொடங்குமுன் எல்லாரும் சிங்கராஜாவின் கொடிக்குத் தலை குனிவார்கள். முள்ளம்பன்றிகள் தண்ணீர் குடிக்கும் ஓடையைச் சிங்கம் மறித்துக்கொண்ட பிறகு, மான் மட்டும் குனியாமல் நின்றது.

"உன் ஆட்டத்தில் குறையில்லை. ஆனாலும் இனி வராதே" என்றது பயிற்சியாளர் கரடி. வேறெந்த அணியும் மானைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அதன் இடத்தில் ஆட வந்த முயல், ஒரு மாலை மானைத் தேடி வந்தது.

"உன் இடத்துல நிக்கவே கூச்சமா இருக்கு."

"இடது காலால அடிக்க வருதா?" என்று கேட்டது மான்.

"வரலை."

"பந்தை எடு."

இருட்டும்வரை இரண்டும் ஆடின. கிளம்பும்போது முயல் தயங்கியது.

"நாளைக்கு நான் கொடிக்குக் குனியட்டுமா?"

"பந்தைப் பத்திக் கேளு, சொல்றேன்" என்றது மான். "அதை நீதான் முடிவு பண்ணணும்."