மூன்றாவது வரிசைப் பெண்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். நடந்தது சித்தி வீட்டில்.

ஆஸ்பத்திரி லாண்டரியில் நைட் ஷிப்ட் முடித்து வந்த சித்தி, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சித்தப்பா வரைந்த படம் சுவரில் சாய்ந்திருந்தது. கால்பந்து பார்க்க வந்த கூட்டம். மைதானம் இல்லை, பந்து இல்லை, வெறும் முகங்கள்.

சித்தப்பா கால்பந்து மைதானத்தில் செக்யூரிட்டி. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்தபடி நிற்பதுதான் வேலை.

"துள்ளுறவன் ஜெயிக்கிற கட்சி, நகத்தைக் கடிக்கிறவன் தோக்குற கட்சி. சரி. மூணாவது வரிசையில இவ யாரு?"

"எவ?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அத்தனை பேரும் பந்தைப் பாக்குறாங்க. இவ மட்டும் உங்களைப் பாத்துச் சிரிக்கிறா."

சித்தப்பா கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "டூட்டிக்கு நேரமாச்சு. சாயந்திரம் பேசுவோமே."

"சாயந்திரம் நான் கிளம்பிடுவேன். நாம பேசிக்கிறதே இந்த வாசப்படியிலதான். இவ டிக்கெட் வாங்கி வந்து உங்க மூஞ்சியப் பாக்குறாளாக்கும்!"

"அங்க என் மூஞ்சிய யாரும் பாக்க மாட்டாங்க. தூணைப் பாப்பாங்களா?"

"அப்ப இவ?"

சித்தி பையில் துணிகளைத் திணித்தாள்.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன். அவளையே கட்டிக்கிட்டு அழுங்க."

சித்தப்பா சுவர்க் கண்ணாடியைக் கழற்றி வந்து, படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"பாரு."

கண்ணாடியில் சிவந்த கண்கள். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆனால் இடது புருவத்தின் தழும்பு கண்ணாடியிலும் படத்திலும் ஒன்றுதான்.

"நான் எங்க இப்படி இருக்கேன்?"

"நல்லாத் தூங்கி எழுந்தா இப்படித்தான் இருப்ப. அங்க என்னைப் பாக்க ஒரு ஆளாவது இருக்கட்டுமேன்னு உக்கார வச்சேன்."

சித்தி பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

அம்மா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். அதனால் போன வாரம் நானே டிக்கெட் வாங்கி மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். கோல் விழுந்து கூட்டமே எழுந்து நின்று கத்தியது. சித்தப்பா திரும்பவில்லை. சிரித்த முகத்தோடு ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வரிசையில் சித்தி, அத்தனை சத்தத்திலும், நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.